வில்லெம் ஐன்தோவன்: இதயத் துடிப்பைக் கம்பி வழியே அனுப்பியவர்

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கிறது. புத்தளம் களப்பின் வாயிலைக் காத்து, கண்டி மன்னனின் கடல் வணிகத்தை முடக்குவதற்கென எழுப்பப்பட்ட கோட்டை அது. அதே ஒல்லாந்தக் கம்பனி அக்காலத்தில் ஜாவாவிலும் கால் பதித்திருந்தது. அங்கு தனக்கு அடங்க மறுத்த இளவரசர்களையும் பிரபுக்களையும் குடும்பத்தோடு இலங்கைக்கு நாடுகடத்தியது. இந்நாட்டு மலாய் முஸ்லிம்களின் வரலாற்றில் ஒரு பகுதி அவ்வாறு தொடங்கியதே. 1796 இல் இலங்கையின் கரையோரம் ஆங்கிலேயரின் கைக்கு மாறியது. ஜாவாவிலோ ஒல்லாந்தரின் ஆட்சி மேலும் நெடுங்காலம் நீடித்தது. அந்தத் தீவின் வடகரையில் உள்ள துறைமுக நகரான செமராங்கில், 1860 மே 21 ஆம் திகதி, ஒரு வைத்தியரின் வீட்டில் பிறந்த குழந்தைதான் வில்லெம் ஐன்தோவன்.

இன்று கைக்கடிகாரத்தில் விரலை வைத்து இதயத் துடிப்பின் வரைபைப் பார்ப்பவர்களும், நெஞ்சில் ஒட்டிய சிறு வில்லையோடு வீட்டில் இருந்தபடியே வைத்தியரின் கண்காணிப்பில் இருப்பவர்களும் பெரும்பாலும் இப்பெயரை அறியமாட்டார்கள். எனினும் நோயாளி ஓரிடத்திலும் அவரது இதயத்தின் பதிவு வேறோரிடத்திலும் இருக்க முடியும் என்பதை உலகுக்கு முதலில் நிரூபித்துக் காட்டியவர் அவரே. அணியத்தக்க உணரிகளைப் பற்றிய ஆரவாரம் மிகுந்துள்ள இந்நாட்களில், குறிப்பாகக் கற்பிட்டி முதல் சிலாபம் வரையிலான நமது கரையோர மக்களின் நிலையில் இருந்து நோக்குமிடத்து, அவரது வாழ்க்கை கவனத்திற்குரியதாகின்றது.

தந்தை ஜேக்கப் ஐன்தோவன் படை வைத்தியராகக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு வந்து, பின்னர் செமராங் நகர மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர். ஆறு பிள்ளைகளுள் மூன்றாமவரான வில்லெமுக்கு ஆறு வயதாகும்போது தந்தை காலமானார். அதற்கு நான்கு ஆண்டுகளின் பின் தாயார் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் குடியேறினார். விதவையான தாயொருவர் ஆறு பிள்ளைகளோடு கடல் கடந்து புதிதாக வாழ்வைத் தொடங்குவது எத்தகையது என்பதைப் புத்தளத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1878 இல் வில்லெம் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். தந்தையின் வழியில் தாமும் கிழக்கிந்தியத் தீவுகளுக்கே வைத்தியராகத் திரும்புவது அவரது எண்ணமாக இருந்தது. உடற்பயிற்சியில் பெரும் ஈடுபாடு கொண்டவர். படகோட்டும் மாணவர் கழகமொன்றைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். ஒருமுறை பயிற்சியின்போது விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அறையில் அடைபட்டுக் கிடந்த அந்த நாட்களைக் கையின் சுழற்சி அசைவுகளையும் தோள், முழங்கை மூட்டுக்களின் தொழிற்பாட்டையும் ஆராய்வதற்குப் பயன்படுத்திக்கொண்டார். உடம்பை ஒரு பௌதிகவியலாளனின் கண்ணால் பார்க்கும் பழக்கம் அவரிடம் அப்போதே இருந்தது.

1885 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியிலேயே லெய்டன் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. அப்போது வயது 25 மட்டுமே. ஜாவாவுக்குத் திரும்பும் திட்டம் அத்துடன் முடிந்தது. அடுத்த ஆண்டில் திருமணம். இறக்கும் வரை, 42 ஆண்டுகள், அவர் லெய்டனை விட்டு அகலவில்லை.

இதயம் துடிக்கும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது என்பது அக்காலத்தில் ஏற்கனவே அறியப்பட்டிருந்தது. 1887 இல் இலண்டனில் ஒகஸ்டஸ் வாலர் என்பவர் மனித இதயத்தின் மின்னோட்டத்தை உடலின் மேற்பரப்பில் இருந்தே பதிவு செய்திருந்தார். அவரது செயல்விளக்கங்களில் ஜிம்மி என்ற அவரது வளர்ப்பு நாய் உப்பு நீரில் கால் வைத்து நிற்கும். 1889 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் நடைபெற்ற உடற்றொழிலியலாளர் மாநாட்டில் வாலரின் செயல்விளக்கத்தை ஐன்தோவன் நேரில் கண்டார். (பிற்காலத்தில் அந்த நாய் துன்புறுத்தப்படுவதாகப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்பப்பட்டது என்பது வேறு கதை.) வாலருக்கோ தமது கருவி வைத்தியசாலைகளில் பெரிதும் பயன்படும் என்ற நம்பிக்கை இருக்கவில்லை. அவர் பயன்படுத்திய கருவியில் மெல்லிய கண்ணாடிக் குழாயினுள் இரசம் ஏறி இறங்கும். இதயத்தின் வேகத்துக்கு இரசத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் பதிவு மழுங்கியே விழுந்தது.

ஐன்தோவன் முதலில் கணிதத்தின் துணையை நாடினார். மழுங்கிய பதிவில் இருந்து உண்மையான வடிவம் எதுவாக இருந்திருக்கும் என்பதைக் கணக்கிட்டு வரைந்தார். அவ்வாறு திருத்திய வரைபின் மேடு பள்ளங்களுக்கு 1895 இல் அவர் இட்ட பெயர்களே பி, கியூ, ஆர், எஸ், ரி என்பன. இன்று உலகின் எந்த மூலையில் ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டாலும் வைத்தியர்கள் அதே ஐந்து எழுத்துக்களால்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆய்வுகூடத்திலும் தொல்லைகள் குறைவில்லை. வெளியே கல் பாவிய வீதியில் குதிரை வண்டிகள் ஓடும்போதெல்லாம் கருவி அதிர்ந்தது. நிலத்தில் ஆழமாகக் குழி தோண்டி, பெருங்கற்களை நிரப்பி, அதன்மேல் கருவியை வைத்துப் பார்த்தும் அதிர்வு முற்றாக அடங்கவில்லை.

கணக்குப் போட்டுத் திருத்துவதைவிட, திருத்தமே தேவைப்படாத கருவியைச் செய்வதே வழி என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவ்வாறு உருவானதுதான் இழைக் கல்வனோமானி. அதைப் பற்றிய முதற் கட்டுரை 1901 இல் வெளிவந்தது. குவாட்ஸ் எனும் படிகக் கல்லை உருக்கி, உருகிய துளியை அம்பில் தொடுத்து எய்தால், அம்பு பறக்கும் வேகத்தில் தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய இழை நீண்டு கிடைக்கும். அவ்விழைக்கு வெள்ளி முலாம் பூசி, வலிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே கட்டினார். இதயத்தின் மின்னோட்டம் இழையினூடாகச் செல்லும்போது இழை அசையும். ஒளியைப் பாய்ச்சி, அசையும் இழையின் நிழலைப் பெரிதாக்கி, நகரும் ஒளிப்படத் தகட்டில் விழச் செய்தார். மழுங்கல் இல்லாத, கணக்குப் போடத் தேவையில்லாத பதிவு கிடைத்தது. முன்னர் கணிதத்தால் வரைந்த வடிவமும் இப்போது இழை வரைந்த வடிவமும் ஒத்திருந்தன. விஞ்ஞானி ஒருவருக்கு இதைவிட வேறென்ன பரிசு வேண்டும்?

ஆனால் அந்தக் கருவியின் நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டனர். மின்காந்தங்கள் சூடாகாதிருக்க நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பரிசோதிக்கப்படுபவர் இரு கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர் நிரம்பிய தொட்டிகளில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். உப்பு நீர் மின்னைக் கடத்தும் என்பது உப்பளங்களுக்கு நடுவே வாழும் நம் மக்களுக்குப் புதிய செய்தியன்று. இன்று நெஞ்சில் ஒட்டும் வில்லைகளிலும் உப்புக் கலந்த களி உண்டு. அந்தத் தொட்டிகளின் எச்சமே அது.

நோயாளிகள் இருந்ததோ லெய்டன் வைத்தியசாலையில். கருவி இருந்ததோ அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஆய்வுகூடத்தில். படுக்கையில் கிடக்கும் இதய நோயாளியை அங்கே தூக்கிச் செல்வது ஆபத்து. கருவியை இங்கே கொண்டுவருவது இயலாத காரியம். இந்த இக்கட்டில் ஜொஹானஸ் பொஷா என்ற மூத்த பௌதிகவியலாளர் ஒரு யோசனையைத் தெரிவித்தார். நோயாளியும் நகர வேண்டாம், கருவியும் நகர வேண்டாம், மின்னோட்டத்தை மட்டும் தொலைபேசிக் கம்பியில் அனுப்பலாமே என்பதே அந்த யோசனை.

1905 மார்ச் 22 ஆம் திகதி அது நிறைவேறியது. வைத்தியசாலையில் ஒருவர் உப்பு நீரில் கைகளை வைத்திருக்க, ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் இழை அசைந்தது. முதலில் பதிவு செய்யப்பட்டவர் நோயாளியல்லர், திடகாத்திரமான ஆரோக்கியமான மனிதர். வரைபில் ஆர் எனும் மேடு உயர்ந்து காணப்பட்டதற்கு, அவர் ஆய்வுகூடத்தில் இருந்து வைத்தியசாலைக்குத் துவிச்சக்கர வண்டியில் வந்தமையே காரணம் எனக் கருதப்பட்டது. அடுத்த ஆண்டு இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், இதயம் வீங்கியவர்கள், இடையிடையே துடிப்புத் தவறுபவர்கள், மேலறையில் இருந்து கீழறைக்குச் செல்லும் மின் கட்டளை முற்றாகத் தடைப்பட்டவர்கள் எனப் பலரது வரைபுகள் இடம்பெற்றன. இவற்றுள் பல அதற்கு முன் எவரது கண்ணிலும் படாத வடிவங்கள். நாடி பிடித்துப் பார்த்தோ காது வைத்துக் கேட்டோ ஊகித்தவை, முதன்முறையாகக் கோடுகளாக மனிதரின் கண்முன் கிடந்தன.

நாடி சாத்திரத்தை இங்கு குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. இப்னு ஸீனா தமது மருத்துவப் பெருநூலான கானூனில் நாடியின் வகைகளை வகுத்துரைத்துள்ளார். நமது ஊர்களில் ஹக்கீம்களும் பரிசாரிகளும் விரல் நுனியால் அறிந்தவை ஏராளம். ஆனால் விரலால் அறிய வேண்டுமானால் விரலும் மணிக்கட்டும் ஓரிடத்தில் சேர வேண்டும். லெய்டனில் 1905 இல் முடிவுக்கு வந்தது அந்த நிபந்தனைதான்.

அன்றைய ஏற்பாட்டை ஊன்றி நோக்கினால் அதில் மூன்று உறுப்புக்கள் இருந்தமை புலப்படும். ஒரு முனையில் நோயாளி. இடையே கம்பி. மறுமுனையில் அந்தக் கோட்டின் பொருளை அறிந்த ஐன்தோவன். இன்றைய அணியத்தக்க கருவிகளின் விளம்பரங்கள் முதல் இரண்டைப் பற்றியே விரிவாகப் பேசுகின்றன.

ஐன்தோவனுக்குப் பின் கருவி சிறுத்துக்கொண்டே வந்தது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நோர்மன் ஹோல்ற்றர் 1940களின் இறுதியில் ஏறத்தாழ 38 கிலோகிராம் நிறையுள்ள வானொலிப் பொறியை முதுகில் சுமந்தபடி தம் இதயத் துடிப்பை ஒலிபரப்பினார். பின்னர் அது கையடக்கமாகியது. இருபத்துநான்கு மணிநேரம் இடுப்பில் கட்டும் ஹோல்ற்றர் கருவியை இந்நாட்டு நோயாளர் பலரும் அறிவர். 1961 ஏப்ரலில் யூரி ககாரின் விண்ணில் வலம் வந்தபோது அவரது துடிப்பைப் பூமியில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். 2018 இல் அப்பிள் நிறுவனம் ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. கடிகாரத்தின் அடிப்புறம் ஒரு மணிக்கட்டைத் தொட்டிருக்க, மற்றக் கையின் விரலால் அதன் திருகியைத் தொட்டால், ஒரு கைக்கும் மறு கைக்கும் இடையிலான மின் வேறுபாடு பதிவாகிறது. இது ஐன்தோவன் முதலாம் தொடுப்பு என்று பெயரிட்ட அதே அளவீடு. இரண்டு உப்பு நீர்த் தொட்டிகள் ஒரு கடிகாரத்துக்குள் அடங்கிவிட்டன, அவ்வளவே.

ஐன்தோவன் ஒரு தொடுப்போடு நிறுத்தவில்லை என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. வலக்கைக்கும் இடக்கைக்கும் இடையே ஒன்று, வலக்கைக்கும் இடக்காலுக்கும் இடையே மற்றொன்று, இடக்கைக்கும் இடக்காலுக்கும் இடையே மூன்றாவது என மூன்று திசைகளில் இருந்து அவர் இதயத்தைப் பார்த்தார். அவர் பெயரால் வழங்கும் முக்கோணம் இவ்வாறு பிறந்ததே. ஒரு திசையில் மறைந்திருப்பது இன்னொரு திசையில் தெரியும். இன்று வைத்தியசாலையில் எடுக்கும் முழு ஈ.சி.ஜி. பன்னிரண்டு கோணங்களில் இருந்து பார்க்கிறது. கைக்கடிகாரத்தின் ஒற்றைக் கோடு ஒழுங்கற்ற துடிப்பைக் காட்டிக்கொடுக்கக்கூடும். மாரடைப்பை அது கண்டறியாது. உற்பத்தி நிறுவனமே அவ்வாறு எச்சரித்துள்ளது. நெஞ்சு வலியோடு கடிகாரத்தைப் பார்த்து, கோடு ஒழுங்காக இருக்கிறது என்று ஆறுதல் அடைந்து வீட்டில் இருந்துவிடுபவருக்கு அந்தக் கருவி நன்மையைவிடத் தீமையே செய்யும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அன்போடு வாங்கி அனுப்பும் கடிகாரங்கள் நம் ஊர்களிலும் பெருகிவரும் வேளையில் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

நமது கரையோரத்தின் நிலையைப் பார்ப்போம். கற்பிட்டியில் இருந்து புத்தளம் நகருக்கு 40 கிலோமீற்றருக்கும் அதிகம். புத்தளத்தில் இருந்து கொழும்பு 130 கிலோமீற்றர் அளவில். பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் வாடியடித்துத் தொழில் செய்வோர் முதலில் படகேறிக் கற்பிட்டிக்கு வர வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் வந்து குடியேறியதில் இருந்து இப்பகுதியின் சனத்தொகையும் பெருகியுள்ளது. மாரடைப்பில் அடைபட்ட இரத்தக் குழாயை மருந்தாலோ வேறு சிகிச்சையாலோ எவ்வளவு விரைவில் திறக்கிறோமோ அவ்வளவுக்கு இதயத் தசை பிழைக்கும். கடந்து போகும் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் விலை உண்டு. இத்தகைய இடத்தில்தான் தொலைக் கண்காணிப்பு உண்மையாகவே உயிர் காக்கக்கூடும். சிறு வைத்தியசாலையில் எடுக்கும் ஈ.சி.ஜி.யைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து இதய நோய் நிபுணருக்கு அனுப்பி ஆலோசனை பெறுவது இன்று வைத்தியர்களிடையே பல நாடுகளிலும் காணப்படும் வழக்கம். கம்பிக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி வந்துள்ளது. மற்றபடி இது லெய்டன் ஏற்பாடேதான்.

நீரிழிவு நோயாளருக்கும் இது பொருந்தும். மேற்கையில் ஒட்டும் சிறு உணரி சில நிமிடங்களுக்கு ஒருமுறை குளுக்கோசின் அளவைத் தெரிவிக்கிறது. றமழானில் நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவு நோயாளருக்கு, எந்த வேளையில் அளவு ஆபத்தாகக் குறைகிறது என்பதைத் தாமும் வைத்தியரும் பார்த்து முன்கூட்டியே மருந்தை ஒழுங்கு செய்துகொள்ள இது உதவும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அந்த உணரியை, நாளாந்தம் கடலுக்குச் சென்று பிழைப்பவரோ உப்பளத்தில் கூலி வேலை செய்பவரோ தொடர்ந்து வாங்க இயலுமா? இலவச சுகாதார சேவை உள்ள நாட்டில் இக்கேள்வியைக் கேட்பது தவறாகாது. அதிலும் முக்கியமான கேள்வி, நள்ளிரவில் ஓர் எச்சரிக்கை வரும்போது மறுமுனையில் அதை வாசித்து, இன்ன மருந்தைக் கொடு, இன்ன வைத்தியசாலைக்கு அனுப்பு என்று சொல்லப் பொறுப்பான ஒருவர் அமர்த்தப்பட்டிருக்கிறாரா என்பது. கருவிகளை அன்பளிப்பாகப் பெறுவது எளிது. அந்த இருக்கையில் ஆள் அமர்த்துவதற்கு ஆண்டுதோறும் செலவு உண்டு.

ஐன்தோவனுக்குப் பணம் பெரிதாகத் தேறவில்லை. கருவியைச் செய்து விற்க மியூனிக் நகரின் எடல்மன் நிறுவனத்துடன் உடன்பாடு செய்திருந்தார். சில காலத்தின் பின் அந்நிறுவனம் உரிமைத்தொகை செலுத்துவதை நிறுத்திக்கொண்டது. அதன்பின் அவர் நாடிய கேம்பிறிட்ஜ் விஞ்ஞானக் கருவி நிறுவனம், சார்ள்ஸ் டார்வினின் மகன் ஹொரஸ் டார்வின் நிறுவியது. இலண்டனில் தோமஸ் லூயிஸ் என்ற இளம் வைத்தியர் அக்கருவியைக் கொண்டு இதயத்தின் ஒழுங்கற்ற துடிப்புக்களை வகைப்படுத்தினார். ஆய்வுகூடப் பொருளாக இருந்த ஈ.சி.ஜி. வைத்தியசாலைப் பொருளானது பெரிதும் லூயிஸின் உழைப்பால் ஆகும். வயதில் இளையவரான லூயிஸின் பங்கை ஐன்தோவன் ஒருபோதும் மறைக்கவில்லை. நோபல் உரையிலும் அதை எடுத்துக் கூறினார்.

1924 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்ட செய்தி வந்தபோது அவர் அமெரிக்காவில் விரிவுரைப் பயணத்தில் இருந்தார். பரிசுப் பணம் கைக்கு வந்ததும் அவர் செய்த காரியமொன்றை அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இழைக் கல்வனோமானியை உருவாக்குவதில் நெடுங்காலம் அவருக்குக் கைகொடுத்த வான் டெர் வூர்ட் என்ற தொழில்நுட்ப உதவியாளர் அப்போது உயிரோடு இல்லை. அவருடைய சகோதரிகள் இருவர் வறுமையில் வாழ்ந்து வருவதை அறிந்த ஐன்தோவன், அவர்களைத் தேடிக் கண்டு, பரிசின் பாதியை அவர்களிடம் கொடுத்தார் என்பதே அது. ஐந்து பேர் சேர்ந்து இயக்கிய கருவிக்கு ஒருவரின் பெயரே நிலைத்தது என்பதை அவர் மறக்கவில்லை போலும்.

அவரது ஒரே மகன் வில்லெம் ஃபிரெடெரிக் மின் பொறியியலாளர். தந்தையின் இழையை வெற்றிடத்தில் அமைத்து மேலும் நுட்பமாக்கி, கம்பியில்லாத் தந்திச் செய்திகளை வாங்கும் கருவியாக அதை மாற்றினார். ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த இதயத்தைக் கேட்ட அதே இழை, பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஜாவாவில் இருந்து புறப்பட்ட குறிகளையும் கேட்டது. மகன் பிற்காலத்தில் ஜாவாவின் பண்டோங் நகர வானொலி ஆய்வுகூடத்தின் பணிப்பாளராகப் பொறுப்பேற்றார். பத்து வயதில் செமராங்கைப் பிரிந்த தந்தையோ 1927 செப்தெம்பர் 29 ஆம் திகதி, புற்றுநோயால், லெய்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 67. அருகிலுள்ள ஊக்ஸ்ட்கேஸ்ட் என்னும் ஊரின் தேவாலய முற்றத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.